ஆறு வந்தால் வண்டி நிற்காது

மதிப்புக்குரிய பள்ளித் தாளாளர் அவர்களுக்கு, அதாவது அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் மகனும் மருமகளும் நலம். மகள் வீட்டில் ஓய்விலிருக்கும் உங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா, மருத்துவர் சொன்னபடி அதை மடங்க விடுகிறீர்களா என்று அறிய ஆவல். இது அலுவல் கடிதம் என்பதால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். நடுவில் எங்காவது ‘நீ’ என்று வந்துவிட்டால் அதைத் தம்பி எழுதியதாகக் கொள்ளவும். பயணப் பொறுப்பாளர் எழுதியதாகக் கொள்ள வேண்டாம். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டவுடன் எனக்கு ‘சரி அக்கா’ என்பதைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை. இந்த முறை ‘முடியாது அக்கா’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எழுத்தில்தான் சொல்ல முடியும். கடிதத்தின் பொருள் வருமாறு:

1. ஏழாம் வகுப்பின் ஆற்றுப் பயணத்துக்கு இதுவரை செய்த ஏற்பாடுகள்.
2. வண்டி ஓட்டுநர் என்னிடம் சொன்ன பயங்கரமான செய்தி.
3. அதனால் பெற்றோர் கூட்டத்திலும் பள்ளியிலும் நடந்தவை.
4. நல்ல வரைபடம் ஒன்று இருந்தால் ஆற்றை நேரில் பார்க்காமலேயே அதைப் பற்றி அறிய வேண்டிய அனைத்தையும் அறியலாம் என்பது.
5. ஆகவே, நாளைக் காலைப் பயணத்தை நிறுத்த அனுமதி கோருதல்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் நாளைக் காலை கடந்துபோயிருக்கும். அது எனக்குத் தெரிகிறது. இருந்தாலும், அனுமதி கேட்காமல் எதையும் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

முதலாவது. மருத்துவமனையில் உங்களைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகும்போது, என் கையைப் பிடித்து, “வாழ்க்கை பூரா அந்த ஆத்தை வரைஞ்சவன் நீதானே, பிள்ளைங்களை நீயே கூட்டிட்டுப் போய் காட்டிடு” என்றீர்கள். நான் சரி அக்கா என்றேன். மயக்க ஊசி போட்டிருப்பது உங்களுக்கா எனக்கா என்று அங்கிருந்த நர்ஸ் ஒருகணம் யோசித்திருப்பார். நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாக இருந்த காலமெல்லாம் அந்த ஆற்றை நீல மையில் வரைந்தது உண்மை. ஆனால் அக்கா, நான் அதைப் பார்த்ததில்லை. களத்துக்குப் போய் அளந்து வருபவர்கள் வேறு; அளவு வந்ததும் உட்கார்ந்து வரைபவன் நான். தண்ணீர் என்றால் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம். வாளியில் இருக்கும்வரை அதனோடு எனக்குச் சண்டையில்லை. இருந்தாலும் ஏற்றுக்கொண்ட வேலை என்பதால் ஒழுங்காகவே ஆரம்பித்தேன். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்தேன். ஒரு குழு, கரையில் இரண்டு கழி நட்டு, ஒரு கழியிலிருந்து மறு கழிக்கு ஆரஞ்சுப் பழம் ஒன்று மிதந்துபோக ஆகும் நேரத்தைக் கொண்டு நீரின் வேகத்தைக் கணக்கிடும். (பந்து கூடாது, காற்று தள்ளிவிடும். ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் நீர் சொன்னபடிதான் கேட்கும்.) இன்னொரு குழு கூழாங்கற்களைப் பொறுக்கி, உருண்டை, அரை உருண்டை, முரடு என்று தரம் பிரிக்கும். மூன்றாவது குழு, ஆறு வளையும் இடத்தில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பாட்டிலில் நீர் பிடித்து, எதில் மண் அதிகம் படிகிறது என்று பார்க்கும். ஆரஞ்சு விஷயத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “மாமா, ஜூஸ் வேணும்னா கேட்டிருக்கலாமே” என்றாள். தையற்கடை அம்மா, அதாவது முதல் பெஞ்சில் உட்கார்ந்து எதற்கும் ஏன் ஏன் என்று கேட்கும் பெண்ணின் தாயார், கடையில் மிஞ்சிய மஞ்சள் துணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொப்பி தைத்துத் தருவதாகச் சொன்னார். “எவ்வளவு தூரத்துல நின்னாலும் உங்க கண்ணுல படும் சார். என் பொண்ணைத் தனியா எங்கேயும் அனுப்பினதே இல்ல. உங்களை நம்பித்தான் அனுப்புறேன்” என்றார். இதுவரை என்னை நம்பி யாரும் பென்சில் பெட்டிக்கு மேல் பெரிதாக எதையும் கொடுத்ததில்லை. 

இரண்டாவது. வண்டியை ஏற்பாடு செய்தது நம் விளையாட்டு வாத்தியார். அவரைப் பள்ளியில் எல்லோரும் விசில் மாஸ்டர் என்றே அழைப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். போகும் வழி, வாடகை எல்லாவற்றையும் அவரே ஓட்டுநரிடம் பேசிவிட்டார். பொறுப்பாளர் என்ற முறையில் நீங்களும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்தார். பேசினேன். ஓட்டுநர் நல்ல மரியாதையான மனிதர். “எதுவரைக்கும் சார் வண்டி வேணும்?” என்று கேட்டார். ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியதில்லை அல்லவா, ஆகவே, “ஆறு வரைக்கும் போதும்” என்றேன். இனி வருவதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். படிக்கும்முன் உட்கார்ந்துகொள்ளவும்.

“ஆறு வரைக்கும்தானே? தாராளமா சார். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன், அப்புறம் மனஸ்தாபம் கூடாது. ஆறு வந்துட்டா நான் நிக்க மாட்டேன். வண்டியை எடுத்துருவேன்.”

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். “ஆறு வருமா?” என்றேன்.

“வராம எங்க போகும்? தினம்தான் வருது.”

“தினமுமா!”

“என்ன சார், புதுசாக் கேக்குறீங்க! அதுலயும் மழை நாளுன்னா கேக்கவே வேணாம். இருட்டிக்கிட்டு, சீக்கிரமே வந்துட்ட மாதிரி இருக்கும்.”

“பிள்ளைகள் எல்லோரும் வண்டியில் ஏறியிருக்காவிட்டால்?”

“அதுக்கு நான் என்ன சார் பண்றது? போன மாசம் ஒரு கம்பெனி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனேன். போட்டோ எடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம்னு அங்கயே நின்னுட்டு இருந்தாங்க. சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஆறு வந்துச்சு. நான் பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அவர்கள்?”

“யாருக்குத் தெரியும்? அதுக்கப்புறம் அவங்க யாரும் போன்கூடப் பண்ணல.”

அக்கா, இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது, “ஏய், பாத்துடா!” என்று யாரையோ அதட்டினார், பிறகு என்னிடம் திரும்பி, ஆறுதலாகவே, “பயப்படாதீங்க சார். அஞ்சு வந்ததுமே நீங்க சுதாரிச்சுக்கிட்டா, ஆறு வர்றதுக்குள்ள எல்லாரும் வண்டிக்குள்ள இருக்கலாம்” என்றார். அஞ்சு என்றால் அச்சம். இவ்வளவு அழகான பழைய சொல்லை ஓட்டுநர் ஒருவர் வாயில் கேட்டு, அந்த நிலையிலும் வியந்தேன். அச்சம் வந்ததுமே சுதாரித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். எனக்கு அது வந்து நெடுநேரம் ஆகிவிட்டிருந்தது. மேற்கொண்டு கேட்டிருக்கலாம். எங்கிருந்து வரும், எவ்வளவு உயரம் வரும், அணையைத் திறப்பதால் வருகிறதா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் தெளிவாகப் பேசும்போது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல நா எழாது. “புரிந்தது, மிக்க நன்றி” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபின்தான் நினைத்தேன், பிள்ளைகளை ஆற்றோடு விட்டுவிட்டு வருவேன் என்று ஒருவர் சொன்னதற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது. இதை மறைப்பது தவறு என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பதற்றம் உண்டாக்காத முறையில், “ஓட்டுநரின் அனுபவத்தில் ஆறு தினமும் வருகிறது; வரும்போது வண்டி நிற்காது” என்று அறிவித்தேன். தையற்கடை அம்மாதான் முதலில் கேட்டார்: “ஆறு அங்கதானே சார் இருக்கு, அது எதுக்கு வரணும்?” இருப்பது வேறு, வருவது வேறு என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் வெளுத்தது. பழைய டயர்க் கடை வைத்திருக்கும் அப்பா ஒருவர் எழுந்து, “கவலையை விடுங்க, ஆளுக்கு ஒரு டியூப் நான் தர்றேன். லாரி டியூப். யானை உக்காந்தாலும் மிதக்கும்” என்றார். “யானைக்கு எதுக்குய்யா டியூப்? அது நீந்தும். என் பையன் நீந்துவானா?” என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அதற்குள் பாதிப் பேர் சம்மதக் கையெழுத்தைத் திருப்பிக் கேட்க, மீதிப் பாதிப் பேர் டியூபை இப்போதே கொடுங்கள் என்று கேட்க, விசில் மாஸ்டர் விசிலை ஊதினார். ஊதிவிட்டு, எல்லாம் பயிற்சியில்தான் இருக்கிறது, என்னிடம் விடுங்கள் என்றார். அவரிடம் விட்டதுதான் அடுத்த தவறு. மறுநாளிலிருந்து ஏழாம் வகுப்புக்கு மைதானத்தில் காலையெல்லாம் பயிற்சிதான். ஒரு விசில் என்றால் ஆறு வருகிறது, இரண்டு விசில் என்றால் உயரத்தில் ஏறு. பிள்ளைகள் மதிற்சுவர், சறுக்குமரம், விசில் மாஸ்டரின் மோட்டார் சைக்கிள் என்று கண்டதன்மேல் ஏறப் பழகினார்கள். நேற்று மதியம் குடிநீர்த் தொட்டியை மூட மறந்து, தண்ணீர் வராந்தாவில் வழிந்து ஏழாம் வகுப்பு வாசலுக்குள் எட்டிப் பார்த்தது. யாரோ “ஆறு வந்துடுச்சு!” என்று கத்தினார்கள். நான் போய்ப் பார்க்கும்போது வகுப்பு முழுவதும் மேசைகள்மேல் நிற்கிறது. பாடம் நடத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் மட்டும் தரையில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எங்கடா வந்துச்சு? இன்னும் மூணுகூட ஆகலையே” என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இப்போதுவரை விளங்கவில்லை. பதற்றத்தில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள்.

நீ சிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. சிரிக்காதே. மேசைமேல் நின்றவர்களில் அந்த ஏன்-பெண்ணும் ஒருத்தி. இறங்கி வந்து, “சார், ஆறு வந்தா வண்டி போயிடும். வண்டி போயிட்டா நீங்க இருப்பீங்களா?” என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். “உங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்றாள். அலுவலகத்தில் ஒரு வேலை நினைவுக்கு வந்ததாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன். எனக்கு எந்த அலுவலகமும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நான்காவது. ஆகவே உட்கார்ந்து, நிதானமாக, இந்தப் பயணம் தேவையா என்றே யோசித்தேன். ஆற்றைப் பற்றி ஏழாம் வகுப்பு அறிய வேண்டியது என்ன? எங்கே வளைகிறது, எங்கே அகலம், எங்கே ஆழம், எந்தக் கரையில் மணல் சேரும். இவை எல்லாம் என் வரைபடத்தில் இருக்கின்றன. ஒரு கோடு தப்பில்லை. மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “தொட்டா கை நனைஞ்சிடும் போலிருக்கே” என்று சொல்லியிருக்கிறார். அதைப் பெரிதாக்கி வகுப்புச் சுவரில் மாட்டினால் யாரும் மேசைமேல் ஏற வேண்டியதில்லை, யாருக்கும் டியூப் வேண்டியதில்லை, ஆரஞ்சைத் தின்றுவிடலாம். வரைபடத்தில் இல்லாத எதுவும் ஆற்றில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. உறுதியான கருத்து எனக்கு வேறெதிலும் கிடையாது என்பதால் இதையாவது ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

ஐந்தாவது. விசில் மாஸ்டரைக் கூப்பிட்டு நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதுவும் ஒருமாதிரி கஷ்டமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. சற்றுமுன் தையற்கடை அம்மா மஞ்சள் தொப்பிகளைக் கட்டி அனுப்பியிருக்கிறார். மேலே ஒரு தொப்பி தனியாக, கொஞ்சம் பெரிதாக இருந்தது. எனக்காம். அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலை பள்ளி வாசலில் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து நிற்பார்கள். அவர்கள் முன்னால் நின்று போகவில்லை என்று சொல்ல வேண்டும். ஆறு வந்து பிள்ளைகளை அடித்துக்கொண்டு போவதை நினைத்தாலும் அச்சமாக இருக்கிறது. அந்த வாசலை நினைத்தாலும் அச்சமாக இருக்கிறது. எந்த அச்சம் பெரிது என்று பார்த்தேன். முதலாவதுதான். ஆகவே அனுமதி கோருகிறேன். முடியாது அக்கா.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் பேரப் பிள்ளைகள் நீடூழி வாழ்ந்து நன்றாகப் படிக்கட்டும், கூடவே நீச்சலும் கற்கட்டும். மருத்துவர் சொல்வதை ஒருமுறையாவது கேளுங்கள்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட, இந்த ஒருமுறை மட்டும் கட்டுப்படாத,
தம்பி

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது வாசலில் வண்டிச் சத்தம். ஓட்டுநர் நேரிலேயே வந்துவிட்டார். விசில் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். நான் நினைத்ததுபோல் முரட்டு ஆள் இல்லை. ஒல்லியாக, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு நிற்கிறார். “என்ன சார், ஒரு வார்த்தை சொல்லாம நிறுத்திட்டீங்களாமே?” என்றார்.

நீங்கள்தானே ஆறு வந்தால் நிற்க மாட்டேன் என்றீர்கள் என்றேன்.

“அட, அதுக்காகவா! பேசிக்கலாமே சார். என் சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி. அது கிளம்பறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும், இவனைப் பாத்துக்க ஆளில்ல. அதான் கறாராச் சொன்னேன். சின்னப் பிள்ளைங்க ஆசைப்பட்டுப் போகுது. நாளைக்கு ஒருநாள் சம்சாரம் லேட்டாப் போகட்டும். நான் ஆறரை வரைக்கும் நிக்கிறேன், போதுமா?”

ஆறு தெரியும். அரை ஆறு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அடுப்படியிலிருந்து மருமகள் குரல் கேட்டது: “மாமா, அவர் மணியைச் சொல்றார்.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். “அப்படியென்றால் அந்தக் கம்பெனி ஆட்கள்?”

“பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருப்பாங்க. கோவத்துல அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல. ஏன் சார்?”

“அஞ்சு?”

“அஞ்சு மணி. சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே? தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா.”

தண்ணீர் வேண்டாம் என்றேன். மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் உடனே விசில் மாஸ்டரைத் தொலைபேசியில் அழைத்து, வருவது மணி ஆறுதான், பயணம் உண்டு என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லப் போயிருக்கிறார். பதிலாகத் தொலைபேசியிலேயே எனக்கு ஒரு விசில் ஊதினார். ஒன்றுதான் ஊதினார், அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

பின்குறிப்பின் தொடர்ச்சி: கடிதத்தை வழியில் தபாலில் போடலாம் என்று சட்டைப் பையில் வைத்து மறந்து, இப்போது ஆற்றங்கரையில் இருந்து பென்சிலால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மஞ்சள் தொப்பிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டேன், சரியாக இருக்கிறது. டயர்க் கடைக்காரர் டியூபை விடவில்லை; வண்டிக் கூரையில் கட்டி அனுப்பியிருக்கிறார். நம் ஆரஞ்சு முதல் கழியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் ஒரு சுழலில் மாட்டி, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. என் கணக்கில் அதற்கு இடமே இல்லை. ஓட்டுநர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைப் பிடிக்கப் போய், இப்போது பிள்ளைகளோடு சேர்ந்து கூழாங்கல் பொறுக்குகிறார். மணி ஆறு ஆகிவிட்டது. ஆறு வந்தால் யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்ற மனிதர், தோளில் போனை இடுக்கிக்கொண்டு, “ஆறு ஆயிடுச்சுன்னு தெரியும். ஆத்துலதான் நிக்கிறேன். இல்ல, மணி இல்ல, ஆத்துல! தண்ணியில! இந்தா, கிளம்பிட்டேன்” என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார். விளங்கியதாகத் தெரியவில்லை.

இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய குறிப்புகளில் எழுதியவை ஒவ்வொரு சொல்லும் நடந்தவை; பொருள் மட்டும்தான் வேறு. ஆகவே அவற்றைத் திரும்பப் பெறுகிறேனே தவிர, தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏன்-பெண் சற்றுமுன் என் வரைபடத்தை மணலில் விரித்து, வளைவைப் பார்த்து, கரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, “சார், உங்க படத்துல பாத்தா நாம இப்ப தண்ணிக்குள்ள இருக்கோம்” என்றாள். நானும் பார்த்தேன். உண்மைதான். நான் வரைந்த பிறகு ஆறு மெல்ல எதிர்க்கரைப் பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. என் நீல மையின்படி நான் இப்போது ஆள் மூழ்கும் ஆழத்தில் இருக்கிறேன். இருந்தும் வேட்டி நுனிகூட நனையாமல், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நான்காவது குறிப்பு தவறு.